கெமராப் பையில் ஆறு கிலோ

கஜேந்திரன் படம் பிடிக்கப் புறப்படும் நாளெல்லாம் கெமராப் பையைத் தூக்கி அவன் தோளில் மாட்டிவிடுவது அவன் மனைவி விஜயலெட்சுமியின் வேலை. யார் சொல்லி ஆரம்பித்த வழக்கமோ தெரியாது, பதினோரு வருசமாக நடக்கிறது. தோட்டத்து லயத்து வீட்டின் வாசற்படிக்குக் கீழே அவன் நிற்பான். படிக்கு மேலே நின்று இவள் பையை அவன் வலது தோளில் இறக்குவாள். அதற்குப் பிறகு அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். பார்த்தால் அன்றைக்குப் படம் சரியாக வராதாம்.

தை பிறந்து நாலாம் நாள், ஹாலிஎலவில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போகிறான் என்று பையைத் தூக்கியபோது, அவளுடைய கை கொஞ்சம் தயங்கியது. கனம் சரியாகத்தான் இருந்தது. எட்டுக் கிலோ, கூடினால் நூறு கிராம் கூடும். இருபத்திரண்டு வருசமாகத் தேயிலைக் கொழுந்துப் பையின் கயிற்றைத் தலையில் மாட்டித் தராசுக்குச் சுமக்கிறவள் அவள். முள் எங்கே போய் நிற்கும் என்று நிறுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். அதனாலேயே நிறுவைக் கணக்கப்பிள்ளைக்கு அவளைக் கண்டால் ஆகாது. இன்றைக்குக் கனத்தில் குறையில்லை, ஆனால் அது பைக்குள் இருந்த இருப்பில்தான் குறை. பெரிய கெமராவும் லென்சுகளும் தூக்கும்போது அதனதன் அறைக்குள் லேசாக அசைந்து கொடுக்கும். இன்றைக்கு அத்தனை கனமும் அடியில் போய் அமுங்கி, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது மாதிரி இருந்தது. போன ஒன்றிரண்டு தடவையும் இப்படித்தான் தோன்றியது, அவசரத்தில் விட்டுவிட்டாள்.

"என்னா பாக்குற?" என்றான் கஜேந்திரன்.

"ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் எடுத்து வச்சீங்களா?"

"வச்சாச்சு, வச்சாச்சு."

ஒரு தடவை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

விஜயலெட்சுமி சந்தேகக்காரி என்று ஊத்துமலைத் தோட்டத்து லயங்களில் அவளுக்குப் பேர் உண்டு. அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது தராசுதான். சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ரெண்டு கிலோ என்று கண்ணெதிரே கழிக்கிற இடத்தில் இருபத்திரண்டு வருசம் நின்றால் யாருக்கும் அந்தக் குணம் வந்துவிடும். போதாததற்கு நாலு வருசத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் அவள் பை முப்பத்தொரு கிலோ காட்டியது. "ஏது இவ்வளவு? உள்ள கல்லுகில்லு போட்டியா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டான். படங்குச் சாக்கை விரித்துக் கொழுந்தைக் கொட்டச் சொல்லி, முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினான். நாற்பது பெண்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எம் பையில கல்லு இருந்தா எம் பேர வெட்டிருங்க!" என்று அவள் கத்திய கத்தல் மேல்மலை வரை கேட்டது. கல் இல்லை. இல்லை என்று ஆனதும், அப்படியானால் எல்லாம் தண்ணிதான் என்று நாலு கிலோவைக் கழித்தான். அந்தச் சூடு இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

அன்றைக்குப் பத்து மணித் தேத்தண்ணிக்கு வேலையை நிறுத்தியபோது நமுனுகுல மலையை மூடியிருந்த மப்பு மெல்ல இறங்கி மலைக்காட்டுக்குள் வந்துவிட்டது. ரெட்டுத் துணியை இடுப்பிலிருந்து அவிழ்த்து உதறிவிட்டுப் பெண்கள் தண்ணீர்க் கானோரமாகக் குந்தினார்கள். விஜயலெட்சுமி போத்தலைத் திறந்து வெறுந்தேத்தண்ணி ஊற்றினாள். பக்கத்து லயத்து இராக்கம்மா ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் புரட்டியபடி அவளை ஒட்டி உட்கார்ந்தாள். சும்மா ஒட்டி உட்காருகிற ஆள் இல்லை இராக்கம்மா.

"என்னாடி, ஒன்கிட்ட தைலம் மணக்குது?"

"சளி."

"ஒனக்கு வருசம் பூரா சளி." ரொட்டியை மென்று விழுங்கினாள். "லெச்சுமி, கேக்குறேன்னு கோவிச்சுக்காத. ஒங்க வீட்டுக்காரரு காலையில ரோட்டு மதகுகிட்ட குந்திக்கிட்டு என்னா செய்றாரு?"

"எந்த மதகு?"

"பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு இங்கிட்டு. நான் மேல ஏழாம் நம்பர் மலையில நின்னேன். அங்கிட்டும் இங்கிட்டும் பாக்குறாரு, பேக்கத் தொறக்குறாரு, என்னமோ எடுத்து மதகுக்குள்ள தள்ளுறாரு. பொறகு கையத் தட்டிக்கிட்டு பஸ்ஸுக்குப் போறாரு."

"இன்னிக்கா?"

"இன்னிக்கும்தான். போன கெழமையும் பாத்தேன். அந்தியில வரும்போது மறுபடி குந்தி எடுத்து உள்ள வைக்கிறாரு. போத்தலா இருக்குமோ?"

"அவரு குடிக்க மாட்டாரு."

"குடிக்கிறவன் எதுக்கு ஒளிக்கப் போறான்? குடிக்காத ஆளுதான் ஒளிச்சு வைக்கும்."

"வாய மூடிக்கிட்டு ரொட்டியத் தின்னுக்கா."

இராக்கம்மா ரொட்டியைத் தின்றாள். விஜயலெட்சுமி மிச்சத் தேத்தண்ணியைக் கானில் கொட்டினாள். அதற்குப் பிறகு அவள் பறித்த கொழுந்தில் பாதி முற்றல் இலை என்று கங்காணி இரண்டு தரம் சத்தம் போட்டான்.

அந்தி நிறுவை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே மதகுக்குப் போனாள். குனிந்து கையை விட்டதும் துணி தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தாள். அவளுடைய பழைய நீலச் சேலையின் கிழிசல்தான். முடிச்சை அவிழ்த்தால் உள்ளே மூன்று கற்கள், ஆற்றில் கிடக்கிற வழுவழுப்பான உருண்டைக் கற்கள்.

பெண்டாட்டி உடுத்திய சேலையைக் கிழித்து, மூன்று கல்லைக் கட்டி, ஓடுகிற தண்ணீருக்குமேல் வைப்பது என்றால் செய்வினையைத் தவிர வேறென்ன? மருதமலை முருகனையும் தோட்டத்து மாரியம்மனையும் ஒன்றாகக் கூப்பிட்டாள். கூப்பிட்டபடியே முடிச்சைத் தூக்கியவளின் கை, பயத்தையும் மீறி, பழக்கத்தில் எடை போட்டுவிட்டது. ஆறு கிலோ, அதற்கு மேலே கொஞ்சம்.

ஆறு கிலோ இங்கே கிடக்கிறது என்றால் அவன் தோளில் போனது இரண்டே கிலோதான். அப்படியானால் பெரிய கெமரா எங்கே?

பயம் போய் இப்போது கோபம் வந்தது. அந்தக் கெமராவை அவள் கட்டிய சீட்டுக் காசிலும் காதில் கிடந்த தோட்டை விற்ற காசிலும் வாங்கினார்கள். அதுகூடப் போகட்டும். பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் செல்வநாயகம் முதலாளியின் மகள் சுதர்சினிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம். படம் பிடிக்கக் கஜேந்திரனைச் சொல்லியிருப்பது அவள்தான். முதலாளியின் மனைவி கனகம் கடையில் வைத்துக் கேட்டாள். "மாப்பிள்ள வீடு கொழும்பு ஆளுங்க, லெட்சுமி. எங்களக் கொறவா நெனச்சிடக் கூடாது. கெமரா பெரிசுதானே?" "பெரிசுதாங்கம்மா, எட்டுக் கிலோ இருக்கும்" என்று இவள் பருப்பு விலை சொல்வது மாதிரி சொன்னாள். கனம் என்றதும் தராசுக்குப் பின்னால் இருந்த முதலாளியும் தலையாட்டிவிட்டார். இப்போது அந்த எட்டுக் கிலோவில் ஆறு கிலோ கல். கல்யாண மண்டபத்தில் அது தெரிந்தால், கனகத்தின் முகத்தில் அவளால் முழிக்க முடியாது.

முடிச்சைப் பழையபடி கட்டி உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரத்தில் கஜேந்திரனும் வந்தான். தோளிலிருந்து பையை வாங்கினாள். எட்டுக் கிலோ. கல்லைச் சுமந்து வந்த புருசனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"சடங்கு வீடு எப்பிடி?"

"நல்ல கூட்டம். புள்ள கொஞ்சம் கூச்சப்பட்டுச்சு, ஆனா படமெல்லாம் நல்லா வந்திருக்கு."

எதில் வந்திருக்கிறது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் ஒருத்தர் பையைக் கொட்டச் சொல்வது எப்படிப்பட்ட வேலை என்று அவளுக்குத் தெரியும். முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை, பண்டாரவளையில் துணிக்கடையில் வேலை செய்கிற மகளுக்குச் சாமான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறினாள். நேரே போனது மபாஸின் கெமராக் கடைக்கு. கஜேந்திரன் கெமராவைச் சுத்தம் செய்யக் கொடுப்பதும் பெட்டரி வாங்குவதும் அங்கேதான். வாசலில் காலை வைத்ததுமே கண்ணாடி அலுமாரியில் அவள் கண் போய் விழுந்தது. இரண்டாம் தட்டில் அவர்களுடைய பெரிய கெமரா இருந்தது. அடையாளம் தேட வேண்டிய அவசியமே இல்லை. பட்டி கழுத்தை உறுத்தக் கூடாதென்று அவள் தைத்துப் போட்ட சிவப்பு வெல்வெட் உறை அப்படியே அதில் கிடந்தது.

"வாங்க அக்கா. அண்ணன் வரல்லயா?" என்றான் மபாஸ்.

"இது எப்ப வந்துச்சு?"

"கார்த்திகையில. அண்ணன் மாத்திட்டுப் போனாரே. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்." அவளும் இரண்டு தடவை சொன்னாள். "மாத்தினது எப்பிடின்னு பாக்க வந்தேன்."

"நல்ல சாமான் அக்கா. அண்ணன் எடுத்தது இந்தச் சாதிதான்." உள்ளங்கையளவில் கறுப்பாக ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. "முந்நூத்தி எண்பது கிராம். லென்ஸ் கழட்டி மாட்டுற வேலயே இல்ல. சத்தமும் வராது. படம் பெரிசுக்கு ஒரு நூல் கொறையாது."

"எட்டுக் கிலோ எடுத்த படத்த இது எடுக்குமா?"

"எடுக்கும் அக்கா."

"அப்ப இத்தன காலம் எட்டுக் கிலோவ எதுக்கு வித்தீங்க?"

மபாஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கையில் வாங்கிப் பார்த்தாள். கொழுந்து ஒரு பிடி கூட இதைவிடக் கனக்கும் போலிருந்தது. விளையாட்டுச் சாமானைக் கொடுத்து நல்ல சாமானைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான் என்று முதலில் தோன்றியது. அவனைக் கூர்ந்து பார்த்தால் ஏமாற்றுகிற முகமாகவும் இல்லை. அது இன்னும் மோசம். அப்படியென்றால் ஏமாற்றுகிறவன் வீட்டில் இருக்கிறான்.

"ஏன் மாத்தினாரு?"

மபாஸ் கெமராவைத் திரும்ப வாங்கித் துணியால் துடைத்தான். "அத நான் சொல்ல ஏலாது அக்கா. வீட்டுல சொல்ல வேணாம்னு அண்ணன் கேட்டுக்கிட்டாரு."

அதைவிட மோசமான பதிலை அவன் சொல்லியிருக்கவே முடியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது விஜயலெட்சுமி தெரிந்த பெண்களின் பேரையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஹாலிஎலவில் தையல் கடை வைத்திருக்கும் ஜெயந்தினி வரைக்கும் போய், "சீ" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் அவளும் சேலை உடுத்தி நின்றாள்.

"நீ எதுக்கு?" என்றான் கஜேந்திரன்.

"கனகம்மா கூப்பிட்டிருக்காங்க. வரக் கூடாதா?"

"வா, வா. நான் என்னா சொன்னேன்."

ஆட்டோவில் பை அவள் மடியில் ஏறியது. மதகு வந்தபோது அவன் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியதை அவள் கவனித்தாள். அவன் வெளியே பார்த்தபடி மழை வராது என்றான். அவளும் வராது என்றாள். கற்கள் பதுளை வரைக்கும் தொடையில் குத்திக்கொண்டே வந்தன.

மண்டபத்து வாசலில் செல்வநாயகம் பட்டுவேட்டியோடு நின்றார். கஜேந்திரனை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை கடையில் மூட்டை இறக்கும்போது பார்க்கிற பார்வைதான்.

"சாமானெல்லாம் வந்திருச்சா?"

"வந்திருச்சுங்க மொதலாளி."

முதலாளி குனிந்து பையின் காதைப் பிடித்து ஒரு சாண் தூக்கினார். வைத்தார். "ம். கனமாத்தான் இருக்கு" என்று திருப்திப்பட்டு உள்ளே போனார். கஜேந்திரனுக்கு நெற்றியில் வேர்வை அரும்பியது. விஜயலெட்சுமிக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, இன்னொரு பக்கம் அவன் தலையிலேயே ஒன்று போடலாம் போலிருந்தது.

பையை மேடைக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு அவன் வேலையைத் தொடங்கினான். அந்தச் சின்னக் கெமராவை உள்ளங்கைக்குள் அடக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து போனான். முன்பெல்லாம் அவன் வந்தால் ஜனம் விலகி வழிவிடும், பெண்கள் தலையைச் சரிசெய்வார்கள். இன்றைக்கு அவனை யாருமே சட்டை பண்ணவில்லை. அதுதான் வினையாகப் போனது. கொழும்புச் சம்பந்தி வீட்டுப் பெண் ஒருத்தி, "கெமராக்காரர் இன்னும் வரவில்லையா?" என்று கனகத்திடமே கேட்டுவிட்டாள்.

கனகம் விஜயலெட்சுமியைக் கையைப் பிடித்து வாழையிலை அடுக்கியிருந்த சாமான் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"லெட்சுமி, என்ன இது? ஒன் புருசன் ஃபோனு மாதிரி ஒண்ண வச்சிக்கிட்டு அலையுறாரு. சம்பந்தியம்மா மூஞ்சியப் பாத்தியா? நீ என்னா சொன்ன, இவரு என்னா செய்றாரு?"

இதோ வந்துவிட்டது. உள்ளதைச் சொல்லிவிட்டால் தன் மனச்சாட்சிக்கு நல்லது. ஆனால் முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான். இப்போது சொன்னால் கனகம் அழுவாள், முதலாளி கத்துவார், கொழும்புக்காரர்கள் முன்னால் கஜேந்திரனை வெளியே போகச் சொல்வார்கள். கஜேந்திரன் நாற்பது பேருக்கு முன்னால் நிற்பான். அவளுக்குத் தெரிந்த நிற்பு அது.

"பெரிசு பேக்குக்குள்ளதாங்கம்மா இருக்கு" என்றாள். "தாலி கட்டுறப்பதான் எடுப்பாரு. இப்ப சில்லறப் படங்க, அதுக்கு எதுக்குப் பெரிசு? சந்தேகமா இருந்தா தூக்கிப் பாருங்கம்மா."

கனகம் அறையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பையைத் தூக்கிப் பார்த்தாள். முகம் தெளிந்தது. விஜயலெட்சுமிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. 'எம் பையில கல்லு இருந்தா' என்று மலை கேட்கக் கத்தியவள் இன்றைக்குக் கல்லுக்குச் சாட்சி சொல்லிவிட்டாள்.

மேளம் உச்சத்துக்குப் போனது. எல்லோரும் எழும்பி அட்சதை போட்டார்கள். அந்த நேரத்தில் கெமராக்காரன் கையில் என்ன இருக்கிறது என்று எந்தத் தாயும் பார்க்கப் போவதில்லை. விஜயலெட்சுமி மட்டும் பார்த்தாள். மாப்பிள்ளையின் விரல்கள் முடிச்சுப் போடுகிற இடத்துக்கு அருகில் கஜேந்திரனின் வலது கை நீண்டிருந்தது. கை கொஞ்சமும் ஆடவில்லை. முடிந்ததும் அவன் கெமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தான். தாலி கட்டினவன் கூட அவ்வளவு பெரிய மூச்சு விடவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் குறைவு. பின் சீட்டில் உட்கார்ந்ததும் அவள் தொடங்கினாள்.

"மபாஸு கடையில கெமராவப் பாத்தேன். மதகுல கல்லயும் பாத்தேன். இன்னிக்கு எம் மடியிலயே கொண்டாந்தேன். இப்பச் சொல்லுங்க. எவளுக்குக் குடுத்தீங்க மிச்சக் காச?"

"என்னாது?" கஜேந்திரன் திகைத்துப் போனான். "மிச்சம் ஏது புள்ள? இதுவும் நல்ல வெலதான். கூடக் கொறைய சரிக்குச் சரி."

"அப்ப எதுக்கு ஒளிச்சீங்க?"

அவன் வலது கையை மடியில் வைத்து விரல்களை விரித்து மடக்கினான்.

"ஐப்பசியில ஹல்துமுல்லைக்குப் போனேனே, ஒரு கல்யாணம். தாலி கட்டுற நேரம் கெமராவத் தூக்கிக் கண்ணுல வச்சேன். கை மரத்துப் போச்சு. தோளுலேருந்து விரலு வரைக்கும் ஒண்ணுமே தெரியல. அமுக்கினேன்னுதான் நெனச்சேன். பாத்தா, தாலி கட்டுன படமே இல்ல, லெச்சுமி. ஒண்ணு கூட இல்ல. பொண்ணோட அப்பா என்னைய ஒண்ணும் சொல்லல. அழுதாரு. அதுக்கு அடிச்சிருக்கலாம்." விரல்களை மறுபடி மடக்கினான். "டாக்குத்தர்கிட்ட காட்டினேன். கழுத்து நரம்பாம். கனம் தூக்கிக் கைய ஒசத்தவே கூடாதுன்னுட்டாரு."

"இத என்கிட்ட சொன்னா என்னா? நான் என்னா கடிச்சா திம்பேன்?"

"எப்பிடிச் சொல்றது?" என்றான். குரல் இறங்கிவிட்டது. "நீ இருவத்தஞ்சு கிலோவத் தலையில மாட்டிக்கிட்டு மலையேறுற. ஒரு நாளு கழுத்து வலிக்குதுன்னு சொன்னதில்ல. நான் ஆம்பள, எட்டுக் கிலோ கனக்குதுன்னு ஒன் மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன்? காலையில நீதான் தூக்கித் தர்ற. கனம் கொறஞ்சா ஒனக்குத் தெரிஞ்சுபோகும். அதான் கல்லு."

விஜயலெட்சுமிக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது.

"என்னையப் பொய் சொல்ல வச்சீங்களே. கல்லக் காட்டி, தூக்கிப் பாருங்கம்மான்னு சொன்னேன். எவ்வளவு கேவலம் எனக்கு."

"நான் கேட்டனா ஒன்னையப் பொய் சொல்லச் சொல்லி?"

"கேக்கல. நானாத்தான் சொன்னேன். அதுதான் கேவலம்."

லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கும் அவள் தைலம் தேய்த்துக்கொண்டாள். சளியா என்று அவன் கேட்டான். சளிதான் என்றாள்.

மாசி பிறந்ததும் அல்பம் தயாராகிவிட்டது. இருவருமாக முதலாளியின் கடைக்குக் கொண்டுபோனார்கள். மாசச் சாமானும் வாங்க வேண்டியிருந்தது. புறப்படும்போது பையை அவளே சுமந்து வந்தாள். பெரிய கெமரா இல்லாமல் முதலாளி கடைக்குப் போனால் நன்றாக இருக்காதே என்று அவன் தயங்கித் தயங்கிக் கல்லைப் போட்டதற்கும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளிடமிருந்து பேச்சு வராததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

கனகம் அல்பத்தை அரிசி மூட்டைமேல் விரித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளையின் நகக்கண் கூடத் தெரிந்தது. முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பாத்தியா கனகம்? பெரிய கெமரான்னா அது தனிதான். இந்தா, சின்னதுல எடுத்த படத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் எனக்கே தெரியுதே." இல்லாத வித்தியாசத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "அடுத்த மாசம் மூத்த மகன் வீட்டுப் பேரனுக்குப் பேர் வைக்கிறோம். வரும்போது அந்தப் பெரிய கெமராவையே கொண்டாந்திருங்க தம்பி."

"சரிங்க மொதலாளி" என்று கஜேந்திரன் சொல்லி முடிக்கவில்லை. விஜயலெட்சுமி பையைத் திறந்தாள். நீலத் துணியை எடுத்தாள். முடிச்சை அவிழ்த்து மூன்று கல்லையும் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தாள். எண்கள் ஓடி நின்றன. ஆறு கிலோ நூற்றைம்பது கிராம்.

"இதுதாங்க மொதலாளி நீங்க தூக்கிப் பாத்த பெரிய கெமரா."

பருப்பு கட்டிக்கொண்டிருந்த கடைக்காரப் பையன்கள் கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். கஜேந்திரன் முகம் வெளுத்து நின்றான்.

"அவருக்குக் கை நோவுங்க. கனத்தத் தூக்க முடியாது. பெரிசக் குடுத்துட்டுச் சின்னது எடுத்திருக்காரு. தாலி கட்டுனது, மத்தது, எல்லாமே அந்தச் சின்னதுதான். அம்மாகிட்ட பொய் சொன்னது நாந்தான். நீங்க இனிமே எங்களக் கூப்பிடலன்னாலும் சரி. நான் கல்லு போட்ட பையோட தராசுகிட்ட நிக்க மாட்டேன்."

முதலாளி கற்களைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். கையை நீட்டினார். கஜேந்திரன் சின்னக் கெமராவைக் கொடுத்தான். அவர் அதையும் தராசில் வைத்தார். முந்நூற்று எண்பது கிராம்.

"அப்ப என்னையக் கல்லத் தூக்க வச்சிருக்கீங்க" என்றார். காது சிவந்துவிட்டது. "கொழும்புச் சம்பந்திக்கு முன்னால. எங்கிட்டயே நிறுவையில வெளையாட்டா?"

கனகத்தின் கண் அல்பத்தின் ஒரு பக்கத்திலேயே நின்றிருந்தது. சாமான் அறைக் கதவோரம், வாழையிலைகளுக்கு நடுவில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் தனியாக நிற்கிற படம் அது.

"இத எப்ப எடுத்தீங்க?" என்று கஜேந்திரனிடம் கேட்டாள். "யாருமே பாக்கலன்னு நெனச்சுத்தான் அழுதேன்."

"பொண்ணு மேடையில ஏறுன ஒடனேம்மா. பெரிச வச்சிருந்தா நீங்க என்னையப் பாத்திருப்பீங்க. கண்ணத் தொடச்சிருப்பீங்க."

கனகம் படத்தின்மேல் கையை வைத்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். "ஏங்க, பேர் வைக்கிறதுக்கு இவரே வரட்டும்."

"இவ்வளவு நடந்த பொறகா?"

"கல்லு போட்டவங்க, அவங்களே எடுத்துத் தராசுல வச்சிட்டாங்க. நம்ம கடைக்குச் சாமான் கொண்டாறவன் எவனாவது இப்பிடி வச்சிருக்கானா?"

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் அவர் முதலாளி. கஜேந்திரன் கற்களை எடுக்கக் கையை நீட்டியபோது குறுக்கே கையை வைத்தார்.

"கல்லு இங்கயே இருக்கட்டும். கொண்டுபோனா மறுபடி உள்ள போட்டுருவீங்க."

அரிசி, மாவு, சீனி என்று மாசச் சாமானைப் பெரிய சாக்குப் பையில் கட்டிக் கொடுத்தார்கள். புறப்படும்போது விஜயலெட்சுமி பழக்கத்தில் கெமராப் பையைத் தூக்கினாள். கனத்தை எதிர்பார்த்த கை அவளை அறியாமல் நெஞ்சுக்கு மேலே போய்விட்டது. சிரிப்பு வந்தது. அவன் தோளில் மாட்டிவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான்.

"திரும்பிப் பாக்கக் கூடாது" என்றாள்.

"போவட்டும்."

அவள் சாமான் பையைத் தலைக்குத் தூக்கப் போனாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க. ஒங்க கைக்கு ஆகாது."

"ஒன் கழுத்துக்கு ஆகுமா?"

"எனக்கென்னா, சளி..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். கடைத்தெருவில் ஆள்கள் முட்டிக்கொண்டு போனார்கள். அவள் தராசுக்காரனிடம் கத்தியிருக்கிறாள், கங்காணியிடம் சண்டை பிடித்திருக்கிறாள், ஆனால் இந்த ஒரு வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை.

"வலிக்குதுங்க" என்றாள். "ரொம்ப நாளா வலிக்குது."

கஜேந்திரன் நல்ல கையான இடது கையால் பையின் ஒரு காதைப் பிடித்தான். மற்றக் காதை அவள் பிடித்தாள். பஸ் வரும்வரை அவர்கள் அதைக் கீழே வைக்கவில்லை.